விறகறிந்து தீ மூட்டுவோம்

எரிவதெல்லாம் விறகாகிவிடுவதில்லை. எமது தாயகத்தில் இதனை எவரும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. பாலையும் வீரையும் நின்று எரியும், புளி கடுஞ்சூடு தரும், முருங்கை புகையுமேயன்றி எரியாது, தில்லையை அடுப்படிக்கே கொண்டுவரலாகாது என்பனவெல்லாம் ஏட்டிலே படித்து அறிந்தவையல்ல. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கும் அடுப்படியிலேயே கைமாறி வந்தவை. 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெய் கிடையாத வீடுகளிலும் உலை கொதித்தமைக்கு இவ்வறிவே துணைநின்றது.

புகலிட நாட்டிற்கு வந்து சேர்ந்த நாம் எமது மொழியைக் கொண்டுவந்தோம், வழிபாட்டைக் கொண்டுவந்தோம், கறித்தூளையும் கொண்டுவந்தோம். விறகறிவை மாத்திரம் விட்டுவிட்டு வந்தோம். இங்கு மின்னடுப்பும் வாயு அடுப்பும் இருந்தமையால் அதன் இழப்பு எமக்குத் தெரியவில்லை. ஆனால் கோடைகாலம் பிறந்ததும் நிலைமை மாறிவிடுகின்றது. சார்செல்லிலும் அதன் அயலூர்களிலும் விடுமுறை நாட்களில் எம்மவர் ஒன்றுகூடிக் கோழியையும் ஆட்டிறைச்சியையும் மீனையும் சுட்டு உண்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய வழக்கமே. லா சப்பலில் கடை கடையாய் ஏறி இறங்கி இறைச்சியைத் தெரிந்தெடுக்கும் அதே குடும்பத்தினர், தீ மூட்டும் வேளையில் மாத்திரம் கையில் அகப்பட்ட பலகையை முறித்துப் போடுவதை நாம் பல இடங்களில் காண்கின்றோம். கடைவாசலிற் கிடந்த சரக்குத்தட்டு, தெருவோரத்தில் எவரோ எறிந்துவிட்ட அலுமாரிக் கதவு, வெட்டிக் குவித்த வேலிக்கிளை எதுவாயினும் எரிந்தால் போதும் என்ற எண்ணம் எம்மிடையே பரவியுள்ளது. இது சுவையோடு மட்டும் நின்றுவிடும் தவறன்று. பிள்ளைகளின் உடல்நலத்தோடும் சில வேளைகளில் உயிரோடும் தொடர்புடையது. ஆகவேதான் இதுபற்றி எழுத முற்படுகின்றோம்.

பரணும் பார்பக்யூவும்

இறைச்சியைப் புகையில் வாட்டுவது எமக்குப் புதியதொன்றன்று. வன்னியில் மரை, மான் ஆகியவற்றின் இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பிட்டு, தணலின் மேலே பரண் கட்டி வாட்டியெடுத்த வத்தலை எம்மவரில் முதியோர் நன்கறிவர். அவ்விலங்குகள் இன்று சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவ்வேட்டை மீண்டும் வரவேண்டுமென எவரும் விரும்பலாகாது. எனினும் அந்தப் பரணின் நுட்பம் மறக்கத்தக்கதன்று. சுவாலை இறைச்சியைத் தொடலாகாது, புகை மெல்லியதாய் இருத்தல் வேண்டும், விறகு வைரம் பாய்ந்ததாயும் காய்ந்ததாயும் இருத்தல் வேண்டும் என்பனவே அந்நுட்பத்தின் சாரம். எமது சமையலறைகளில் இன்றும் மணக்கும் மாசிக் கருவாடும் அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தப்பட்டதே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பிரெஞ்சு மக்களும் ஆங்கிலேயரும் 'பார்பக்யூ' என்றழைக்கும் சொல்லுங்கூட ஒரு பரணின் பெயரிலிருந்தே பிறந்தது. கரிபியன் தீவுகளின் பூர்வகுடிகள் தடிகளாற் கட்டிய தட்டினை 'பார்பக்கோவா' என்றனர். அதேபோன்று இறைச்சி வாட்டும் தட்டினைத் தென்னமெரிக்கப் பூர்வகுடிகள் 'புக்கான்' என்றழைத்தனர். சார்செல்லில் எம் அயலவராய் வாழும் மார்த்தினிக், குவாதலூப் தீவு மக்களின் 'புக்கானே' கோழி அதன் வழிவந்ததே. அதனை அவர்கள் கரும்புச் சக்கையின் புகையில் வாட்டுவது மரபு. அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு, அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்ட பின்னர், 1853ஆம் 1854ஆம் ஆண்டுகளிலிருந்து கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டோரில் தமிழரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. தமது மண்ணில் எது விளைந்ததோ, எதன் இயல்பு தமக்குத் தெரிந்ததோ அதனையே அம்மக்கள் புகைக்குத் தெரிந்தனர். நாமும் கைக்கொள்ள வேண்டிய வழி அதுவே.

விறகிலே என்ன இருக்கின்றது?

மரம் பெரும்பாலும் செலுலோசு, அதன் இனத்தைச் சேர்ந்த பொருட்கள், இலிக்னின் ஆகியவற்றால் ஆனது. வெப்பத்தால் இலிக்னின் சிதையும்போதே புகைமணத்திற்குக் காரணமான பொருட்கள் வெளிப்படுகின்றன. ஏனையவை சிதைந்து இறைச்சியின் மேற்பரப்பிற்குப் பொன்னிறத்தையும் இலேசான இனிப்பு மணத்தையும் தருகின்றன. வைரம் பாய்ந்த அகன்ற இலை மரங்கள் இப்பணியை நன்கு செய்கின்றன. பைன், நத்தார் மரம் முதலிய ஊசியிலை மரங்களில் பிசின் மிகுதி. அப்பிசின் கரும்புகையாகி இறைச்சியிற் படிந்து கசப்பை ஊட்டும். தை மாதத்தில் தெருவோரம் எறியப்படும் நத்தார் மரங்களை எடுத்து வைத்திருந்து கோடையில் எரிக்கலாமென எண்ணுவோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள மலைப்பகுதியில் 'மோர்த்தோ' என்னும் பன்றியிறைச்சிச் சொசேஜ் ஊசியிலை மரப்புகையிலேதான் பதப்படுத்தப்படுகின்றதே என எவரேனும் வினவலாம். உண்மையே. 2010ஆம் ஆண்டு அதற்கு ஐரோப்பியப் புவியியற் காப்பு அடையாளமும் வழங்கப்பட்டது. ஆனால் அங்கு வீட்டின் நடுவே கூரைவரை உயர்ந்து நிற்கும் 'துயே' என்னும் பெரும் புகைக்கூண்டில், நெருப்புக்கு வெகு உயரத்தில், நெடுநேரம், மெதுவாகவே புகையூட்டுகின்றனர். தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழில் அது. முழங்கால் உயரத்து இரும்புத் தட்டில் அரைமணி நேரத்தில் கோழி சுடும் எமக்கு அது முன்மாதிரியாகாது.

மரத்தின் இனத்தைப் போலவே அதன் உலர்வும் முக்கியமானது. வெட்டியவுடன் மரத்தின் எடையில் ஏறத்தாழ அரைவாசி நீராக இருக்கக்கூடும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் உலர்த்திய பின்னரே அது 20 சதவீதமளவுக்கு இறங்கும். ஈரவிறகு எரிவதில்லை, அவிகின்றது. அடர்ந்த வெண்புகை எழும்பி இறைச்சியைக் கைக்கச் செய்கின்றது. நல்ல புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததாய் இளநீலமாய் இருக்கும். வாங்கும்போது பார்ப்பதற்கு எளிய அடையாளங்கள் உண்டு. நன்கு உலர்ந்த கட்டையின் முனைகளில் வெடிப்புகள் ஓடியிருக்கும்; பட்டை தானாகக் கழரும்; இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ஓசை கணீரென்று கேட்கும். ஈரக்கட்டையோ மந்தமாக ஒலிக்கும். பூஞ்சணம் பிடித்த கட்டையை விலை குறைவென்று வாங்கலாகாது.

கட்டையை நீரில் ஊறவைத்துப் போட வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். வைரமான கட்டையினுள் சில மணி நேரத்தில் நீர் இறங்குவது மிகச் சொற்பம். மேலே ஒட்டிய நீர் ஆவியாகிப் போகும்வரை புகை தாமதிக்குமேயன்றி வேறு பயனில்லை. சுண்டுவிரலளவு சீவல்கள் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். மீனுக்கும் மெல்லிய துண்டுகளுக்கும் அவை போதும். கைப்பிடி முட்டியளவு கட்டையோ நெடுநேரம் புகைந்துகொண்டிருக்கும். முழுக்கோழிக்கும் எலும்போடு கூடிய ஆட்டிறைச்சிக்கும் அதுவே பொருத்தம்.

'அன்றாடம் செலவுக்கே திண்டாடும் அகதிக் குடும்பம் விறகுக்கும் காசு கொடுப்பதா?' என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை, கரி சூட்டுக்கு, கட்டை மணத்துக்கு என்பதே. சூட்டைத் தரும் வேலையைக் கலப்பில்லாத மரக்கரியிடம் விட்டுவிட்டால், ஒரு தடவைக்கு இரண்டொரு கட்டைகளே போதுமானவை. சிறு பையொன்று ஒரு கோடைக்குப் போதும்.

இந்நாட்டு மரங்கள்

இந்நாட்டு மரங்களுள் நாம் முதலிற் பழக வேண்டியவை மூன்று. 'ஏத்ர்' எனப்படும் பீச் மரம் மென்மையான, எதற்கும் ஒத்துப்போகும் புகையைத் தருவது. நோர்மண்டியின் வீர் நகரத்துப் பெயர்பெற்ற 'அந்துய்' இம்மரப்புகையிலேயே பதப்படுகின்றது. 'ஷேன்' எனப்படும் ஓக் மரம் புகையில் கனதியானது. ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் ஏற்றது. மீனுக்கு அளவோடு இடவேண்டும். 'ஷார்ம்' என்னும் மரம் எமது வீரையைப் போல நின்று எரிந்து நீடித்த தணல் தருவது. பாரிஸ் உணவகங்களில் விறகடுப்பின் முன் நின்று உழைக்கும் எம்மவர் பலர் இம்மரங்களை நாள்தோறும் கையாள்கின்றனர். அவர்களிடம் உள்ள அறிவு அவர்களது வீட்டுக்கும் சமூகத்திற்கும் வந்துசேர வேண்டும்.

கோழிக்கும் மீனுக்கும் பழமரங்கள் மிகவும் ஏற்றவை. அப்பிள், செறி, பெயார்ஸ் ஆகியவற்றின் புகை இனிமையானது. சார்செல்லிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மொன்மொரான்சி ஒருகாலத்தில் புளிப்புச் செறிப் பழத்திற்கு நாடெங்கும் பெயர்பெற்ற இடமாகும். அப்பழத்தின் ஓரினம் இன்றும் அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. இப்பகுதியில் தோட்டம் வைத்திருப்போர் குளிர்கால இறுதியில் கிளை கழிப்பது வழக்கம். மருந்து தெளிக்காத மரமா என விசாரித்து, அவர்களிடம் கேட்டுப் பெற்று, ஓராண்டுக்கு மேல் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். விறகு கேட்கச் செல்வது அயலவரோடு உறவு கொள்வதற்கும் ஒரு வழியாகும். போர்தோ பகுதியினர் மாட்டிறைச்சியைக் காய்ந்த திராட்சைக் கொடியின் தணலிற் சுடுவதும் இங்கு அறிந்திருக்கத் தக்கது.

மொன்மொரான்சிக் காடு 'ஷத்தேஞ்ஞியே' என்னும் கஸ்தானை மரங்கள் மலிந்தது. அம்மரம் எரியும்போது படபடவென வெடித்துப் பொறி பறக்கும். பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் திறந்த அடுப்பிற்கு ஏற்றதன்று. அத்துடன் அரச காடுகளில் அனுமதியின்றி விறகு பொறுக்குவதும் குற்றமாகும். விண்ணப்பம் நிலுவையிலுள்ள எம்மவர் இதுபோன்ற சிறு விடயங்களில் வீணே சிக்கிக்கொள்ளலாகாது.

காசு கொடுத்து வாங்காத நல்ல எரிபொருளொன்று எமது வீடுகளிலேயே குப்பைக்குப் போகின்றது. தேங்காய்ச் சிரட்டையையே குறிப்பிடுகின்றோம். கம்மாலையிலும் சலவைப் பெட்டியிலும் சிரட்டைக் கரியின் சூட்டை அறிந்த இனத்தவர் நாம். இலங்கையிலிருந்து சிரட்டைக் கரியும் அதிலிருந்து செய்யப்படும் பொருட்களும் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. பச்சடிக்கும் பாற்கறிக்கும் உடைக்கும் தேங்காயின் சிரட்டைகளைத் தும்பு நீக்கி, உலர்த்திச் சேர்த்து வைத்தால் கரியோடு கலந்து எரிக்கலாம். தொடக்கத்தில் அது மிகுந்த புகை விடும். சுவாலை அடங்கித் தணலான பின்னரே இறைச்சியை ஏற்றவேண்டும்.

எரிக்கலாகாதவை

தெருவோரத்தில் எறியப்படும் தளபாடங்கள் பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகளாலானவை. அவை எரியும்போது அப்பசையிலிருந்து போமல்டிகைட்டு முதலிய நச்சுப் பொருட்கள் வெளிவரும். பூச்சுப் பூசிய சன்னல், கதவு ஆகியவற்றின் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பச்சைச் சாயல் படிந்த பழைய வேலிக்கட்டைகள் செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியன ஏற்றப்பட்டவையாக இருக்கலாம். இம்முறை 2004ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பாவில் கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது எனினும், அக்கட்டைகள் இன்னும் பல தோட்டங்களில் நிற்கின்றன. புகையிரதப் பாதையிலிருந்து கழற்றப்பட்ட கட்டைகளில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் புற்றுநோய் விளைவிப்பது. இவற்றின் புகை மட்டுமன்றிச் சாம்பலும் நஞ்சே. தோட்டத்துக் கீரைப் பாத்தியில் அதனைக் கொட்டவும் கூடாது.

சரக்குத்தட்டுகளில் இலச்சினை பொறிக்கப்பட்டிருக்கும். 'எம்.பி.' என்ற எழுத்துகள் மெதயில் புரோமைட்டு என்னும் நச்சுவாயு ஊட்டப்பட்டதைக் குறிப்பன. 'எச்.டி.' என்பது வெப்பத்தால் மாத்திரம் பதப்படுத்தப்பட்டதைக் குறிப்பது. ஆயினும் அதன்மேல் எண்ணெய் சிந்தியதா, பூச்சிகொல்லி சிந்தியதா என்பதை எந்த இலச்சினையும் எமக்குச் சொல்லாது. சரக்குத்தட்டை உணவுக்கு எரிக்காதிருப்பதே அறிவுடைமை.

பெயர் மயக்கம் மற்றுமோர் ஆபத்து. பிரெஞ்சு மொழியில் 'லோறியே' என்ற பெயரோடு பல செடிகள் உண்டு. 'லோறியே சோஸ்' என்பது சமையலுக்கு இடும் வாசனை இலை. 'லோறியே றோஸ்' என்பதோ எமது அலரியின் நெருங்கிய உறவு. அலரி நஞ்சென்பதை எம் மண்ணில் அறியாதார் இல்லை. ஆனால் இளஞ்சிவப்புப் பூவோடு அழகாய் நிற்கும் அதனை இங்கு எம்மவர் பலர் இனங்காண்பதில்லை. அதன் தடியை விறகாக எரிப்பதோ, இறைச்சி கோக்கும் குச்சியாகச் சீவுவதோ கூடவே கூடாது. வீட்டுக்கு வீடு வேலியாய் நிற்கும் 'லோறியே செறிஸ்' செடியின் இலைகளில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. 'இஃப்' எனப்படும் வேலிமரமும் நஞ்சு. 'அக்காசியா' என்ற பெயரில் இங்கு விற்கப்படுவது எமது வேலமரமன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய 'றொபினியே' என்னும் மரம். அதன் பட்டையும் நஞ்சுடையதாகையால் புகையூட்டுவதற்கு ஆகாது. பெயர் தெரியாத மரத்தை எரிக்காதிருப்போம் என்பதைப் பொது விதியாகக் கொள்வோமாக.

நல்ல விறகென்றாலும் அளவு வேண்டும். புகையில் பென்சோபைரீன் முதலிய புற்றுநோய்க் காரணிகள் உண்டு. கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போது அவை பெருகுகின்றன. புகையூட்டியவை உட்படப் பதப்படுத்திய இறைச்சி வகைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015இல் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்றொகுதியிற் சேர்த்தது. புகையூட்டிய இறைச்சியில் பென்சோபைரீன் கிலோவுக்கு 2 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2014ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய விதி. போத்தலில் வரும் புகைச்சுவையை ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்போர், 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் எட்டுப் புகைச்சுவையூட்டிகளின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தமையை அறிதல் நன்று. விசேட நாட்களுக்குரிய உணவாக இதனை வைத்துக்கொள்வோம். தணலை ஒருபுறமும் இறைச்சியை மறுபுறமும் வைப்போம். கருகிய பகுதியை வெட்டி நீக்கிய பின்னரே பிள்ளைகளுக்குப் பரிமாறுவோம்.

எங்கே மூட்டுவது?

சார்செல்லின் தொடர்மாடிகள் 1950களின் நடுப்பகுதியிலிருந்து எழுப்பப்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் அக்கட்டடங்களில், ஒரு வீட்டுப் பல்கனியின் புகை மேல்வீட்டுப் பிள்ளையின் படுக்கையறைக்குட் செல்கின்றது. பல்கனியில் தீ மூட்டுவதை நாடு முழுவதற்குமாகத் தடைசெய்யும் தனிச்சட்டம் இல்லை. ஆனால் பல கட்டடங்களின் விதிகளும் வாடகை ஒப்பந்தங்களும் நகரசபைக் கட்டளைகளும் அதனைத் தடைசெய்கின்றன. அயலவருக்கு வழமைக்கு மீறிய தொல்லை கொடுப்போரின் பொறுப்பு, 2024 ஏப்பிரல் 15ஆம் திகதிய சட்டத்தின் மூலம் குடியியற் சட்டக்கோவையிலும் எழுதப்பட்டுள்ளது. காட்டிலும் அதனைச் சூழ 200 மீற்றருக்குள்ளும் நில உரிமையாளரல்லாதோர் தீ மூட்டுவது தடுக்கப்பட்டதாகும். ஆகவே தோட்டமுள்ள நண்பரின் வீடு அல்லது அதற்கென ஒதுக்கப்பட்ட பொழுதுபோக்குத் திடல் ஆகியவற்றையே நாட வேண்டும். அவை கிடைக்காவிடின் வீட்டு அவனில் வாட்டிக்கொள்வதில் எவ்விதக் குறையுமில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையானதை இறுதியாகக் கூறுகின்றோம். மழை வந்துவிட்டதென்றோ, குளிர் தாங்கவில்லையென்றோ தணலோடு கூடிய அடுப்பை வீட்டினுள் கொண்டுவரலாகாது. கரித்தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று தொடங்கி, உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுசெல்வது. இவ்வாயுவினால் இந்நாட்டில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. சன்னல் திறந்திருக்கின்றதே என்பது காப்பாகாது. ஒற்றை அறையில் ஐந்தாறு பேராக வாழ்வோரும் விடுதி அறைகளில் தங்கவைக்கப்பட்டுள்ள தஞ்சக் கோரிக்கையாளரும் இதனை மனதில் இருத்த வேண்டும். ஐயம் ஏற்படின் உடனே வெளியேறி 18, 15 அல்லது 112 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்க வேண்டும். வதிவிட அனுமதி இல்லையே என்று தயங்கலாகாது. உயிர்காக்க வருவோர் முதலில் கேட்பது விலாசத்தையே.

அந்நிய மண்ணில் நிலைகொள்வதென்பது மொழியைக் கற்பதோடும் வேலை தேடுவதோடும் முடிந்துவிடுவதன்று. இங்கு எது உணவு, எது நஞ்சு, எந்த மரம் எப்படி எரியும் என்பதை அறிவதும் அதன் பகுதியே. வன்னிக் காட்டில் பாலையையும் தில்லையையும் பிரித்தறிந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஷேனையும் இஃப்பையும் பிரித்தறிவது இயலாத காரியமன்று. இவ்வாரம் பூங்காவுக்கோ அயலவரின் தோட்டத்துக்கோ செல்லும் பெற்றோர், பிள்ளைகளோடு நின்று மூன்று மரங்களின் பெயரைக் கேட்டறிந்து வருவார்களாக. கோடைக்கு இன்னும் நாள் இருப்பின் நான்கு அப்பிள் கட்டைகளை உலர வைப்பார்களாக. விறகறிந்து தீ மூட்டுவோம். அறியாத விறகைத் தொடாதிருப்போம்.